பல நாடுகளைக் கடந்து கார் ஓட்டுவோர் எந்த ஜிபிஎஸ் கருவியைத் தேர்ந்தெடுப்பது? கேள்விகளும் பதில்களும்

ஒரே நாட்டுக்குள் ஓடும் காருக்கு எந்த வழிகாட்டிக் கருவியைப் பொருத்தினாலும் பெரிய வேறுபாடு தெரியாது. எல்லைகளைக் கடக்கும்போதுதான் ஒவ்வொன்றின் தரமும் குறைபாடும் வெளிப்படுகின்றன. ஜேர்மனியின் ஹம் நகரில், ஊன்ட்ரொப் பகுதியில் 2002ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயத்தின் தேர்த்திருவிழாவுக்கு இலண்டனிலிருந்து குடும்பத்துடன் காரில் புறப்படுபவர், அன்ட்வேர்ப், வென்லோ வழியாகச் சென்றால், பிரித்தானியா, பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, ஜேர்மனி என ஐந்து நாடுகளின் வீதிகளில் ஒரே நாளில் ஓட்டுகிறார். அந்த ஒரு நாளுக்குள் வேக எல்லை, கட்டண முறை, கமரா பற்றிய சட்டம், முகவரி எழுதும் முறை ஆகிய அனைத்தும் மாறிவிடுகின்றன. கீழே உள்ள பதில்கள் இத்தகைய பயணங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

கைத்தொலைபேசியில் வரைபடச் செயலி இருக்கும்போது தனிக்கருவி வாங்குவது அவசியமா?

ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் எல்லை கடப்பவருக்கு அவசியமில்லை. ஆனால் அந்தத் தொலைபேசி இணையத் தொடர்பு இல்லாமலும் வழிகாட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாகவே கொள்ள வேண்டும். கூகுள் மேப்ஸ் செயலியில் ஒரு நிலப்பகுதியை முன்கூட்டியே தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். அது ஓராண்டுக்குள் புதுப்பிக்கப்படாவிட்டால் காலாவதியாகிவிடும். இணையமின்றி ஓட்டும்போது போக்குவரத்து நெரிசல் பற்றிய தகவலும் அதில் கிடைக்காது. வேஸ் செயலியில் ஒரு நாட்டின் வரைபடத்தைத் தரவிறக்கி வைக்கும் வசதியே இல்லை என்பதால், பல நாட்டுப் பயணத்துக்கு அதை மட்டும் நம்பிப் புறப்படுவது பொருத்தமன்று. ஓஸ்மாண்ட், ஒர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகள் தன்னார்வலர்கள் உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைக் கொண்டு இயங்குபவை; அவற்றில் நாடு நாடாக முழு வரைபடத்தையும் தொலைபேசியிலேயே சேமிக்கலாம்.

தனிக்கருவியின் மதிப்பு நீண்ட பயணத்தில் தெரியவரும். கோடை வெயிலில் முன்கண்ணாடியின் கீழே மின்னேற்றத்துடன் பல மணி நேரம் இயங்கும் தொலைபேசி சூடேறித் திரையை மங்கச் செய்யும், சில வேளைகளில் தானாகவே நின்றுவிடும். மேலும் அதே தொலைபேசியில்தான் அழைப்புகளும், ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்க ரயிலின் பயணச்சீட்டும், தங்குமிட முன்பதிவும் இருக்கும். ஆண்டுக்கு நான்கைந்து முறை எல்லை கடப்பவர்களுக்கும் தனியாக ஓட்டுபவர்களுக்கும் ஒரு தனிக்கருவியை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். தொலைபேசியை அதற்கு மாற்றாக, தரவிறக்கிய வரைபடத்துடன், பக்கத்தில் வைத்திருப்பதே சிறந்த ஏற்பாடு.

வெளிநாட்டில் இணையத்தை நிறுத்தி வைத்தால் ஜிபிஎஸ் இயங்குமா?

இயங்கும். ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞையைக் கருவி பெற்றுக்கொள்ள மட்டுமே செய்கிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்தால் தன் இடத்தை அது கணித்துவிடும். இதற்குச் சிம் அட்டையோ இணையமோ தேவையில்லை. இணையம் தேவைப்படுவது வரைபடத்தைப் பெறுவதற்கும் நெரிசல் தகவலுக்கும்தான்.

இணையக் கட்டணத்தைப் பொறுத்தவரை, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் 2017 ஜூன் 15 முதல் உள்நாட்டுக் கட்டணத்திலேயே இணையத்தைப் பயன்படுத்தலாம்; நோர்வே, ஐஸ்லாந்து, லிக்டென்ஸ்டைன் ஆகியவையும் இந்த ஏற்பாட்டில் உள்ளன. சுவிற்சர்லாந்து இதில் இல்லை. பிரித்தானியாவும் ஒன்றியத்தை விட்டு விலகிய பின் இந்த விதிக்கு உட்பட்டதன்று, ஆகவே அங்குள்ள நிறுவனங்கள் தத்தம் விருப்பப்படி கட்டணம் வைத்துள்ளன. பாசல், ஜெனீவா போன்ற எல்லை நகரங்களின் ஓரமாக ஓட்டும்போது, நீங்கள் பிரான்சுக்குள் இருந்தாலும் தொலைபேசி சுவிஸ் அலைவரிசையைப் பற்றிக்கொள்வதுண்டு. அந்தப் பகுதியில் இணையத்தை நிறுத்தி வைத்துச் சேமித்த வரைபடத்தில் ஓட்டுவதே பாதுகாப்பானது.

கருவியை வாங்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

அதனுள் எந்த நாடுகளின் வரைபடம் இருக்கிறது என்பதைத்தான். திரையின் அளவு, குரல் கட்டளை, அழகான முப்பரிமாணக் காட்சி ஆகிய அனைத்தும் அதற்குப் பின்னரே வருகின்றன. ஒரே மாதிரியான கருவி, ஒரே உறையில், பிரித்தானியா மற்றும் அயர்லாந்துக்கு மட்டும் வரைபடம் உள்ளதாகவும், முழு ஐரோப்பாவுக்கும் வரைபடம் உள்ளதாகவும் இரு விலைகளில் விற்கப்படுவதுண்டு. குறைந்த விலையைக் கண்டு முதலாவதை வாங்கியவர் பிரான்சின் கலே துறைமுகத்தில் இறங்கியதும் வெறும் வெண்திரையைப் பார்க்க நேரும். கனடாவில் வாங்கப்பட்ட கருவியில் பொதுவாக வட அமெரிக்க வரைபடம் மட்டுமே இருக்கும் என்பதால், ரொறன்ரோவிலிருந்து பாரிஸுக்கு வந்து கார் வாடகைக்கு எடுக்கும் உறவினர்கள் அதைக் கொண்டுவருவதில் பயனில்லை; ஐரோப்பிய வரைபடத்துக்குத் தனியாகச் செலுத்த வேண்டும்.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது சேமிப்பிடம். முழு ஐரோப்பிய வரைபடம் ஆண்டுதோறும் பெரிதாகிக்கொண்டே வருகிறது. சேமிப்பிடம் குறைந்த கருவியில் சில ஆண்டுகளுக்குப் பின் அது கொள்ளாமல் போகும், அப்போது கண்டத்தைப் பகுதிகளாகப் பிரித்து ஒரு பகுதியை மட்டும் ஏற்ற வேண்டி வரும். மைக்ரோ எஸ்டி அட்டை செருகும் இடம் இருந்தால் இந்தச் சிக்கல் தீரும். அத்தகைய இடம் இல்லாத கருவியை நான் வாங்கமாட்டேன்.

‘ஆயுட்காலம் முழுவதும் இலவச வரைபடப் புதுப்பிப்பு’ என்பதன் பொருள் என்ன?

இங்கே குறிப்பிடப்படும் ஆயுள் கருவியின் பயன்பாட்டு ஆயுள். நிறுவனம் அந்த மாதிரிக்கு ஆதரவளிப்பதை நிறுத்திவிட்டால், அல்லது புதிய வரைபடத்தை ஏற்கும் திறன் கருவிக்கு இல்லாமல் போனால், புதுப்பிப்பும் அத்துடன் முடிந்துவிடும். ஆகவே சந்தைக்கு வந்து பல ஆண்டுகளான மாதிரியைக் கழிவு விலையில் வாங்குவது உண்மையில் மலிவான பேரம் ஆகாது. கார்மின், டொம்டொம் ஆகிய இரு நிறுவனங்களும் எந்தெந்த மாதிரிகளுக்கு இன்னும் புதுப்பிப்பு உண்டு என்பதைத் தத்தம் தளங்களில் தெரிவிக்கின்றன. வாங்குமுன் மாதிரி எண்ணைக் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வேக எல்லையைக் கருவி சரியாகக் காட்டுமா?

பெரும்பாலும் காட்டும். ஆனால் பல நாட்டுப் பயணத்தில் மிகுந்த கவனம் வேண்டிய இடம் இதுதான். மேலே சொன்ன இலண்டன்–ஹம் பாதையையே எடுத்துக்கொள்வோம். பிரித்தானிய நெடுஞ்சாலையில் மணிக்கு 70 மைல், பிரான்சில் 130 கிலோமீற்றர், மழை பெய்தால் 110, பெல்ஜியத்தில் 120, நெதர்லாந்தில் காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரை 100, ஜேர்மனியில் பலகை இல்லாத இடங்களில் கட்டாய எல்லை இல்லை, 130 என்பது பரிந்துரை மட்டுமே. கருவி மைலையும் கிலோமீற்றரையும் எல்லையில் தானாக மாற்றிக்கொள்கிறதா, அல்லது நாம் அமைப்புகளுக்குள் சென்று மாற்ற வேண்டுமா என்பதை வீட்டிலேயே அறிந்துகொள்வது நல்லது. அயர்லாந்துக் குடியரசு 2005 ஜனவரியில் கிலோமீற்றருக்கு மாறிவிட்டது, வட அயர்லாந்து இன்னும் மைலில் இருக்கிறது. அங்கே எல்லையைக் காட்டும் தடையோ சோதனைச் சாவடியோ இல்லை, வேகப் பலகையின் எண் மாறுவதுதான் அடையாளம்.

சட்டங்கள் மாறும் வேகத்துக்குப் பழைய வரைபடம் ஈடுகொடுக்காது. பிரான்சில் நடுத்தடுப்பு இல்லாத இருவழி வீதிகளின் எல்லை 2018 ஜூலையில் 90இலிருந்து 80ஆகக் குறைக்கப்பட்டது. பின்னர் சில மாவட்டங்கள் சில வீதிகளில் மீண்டும் 90க்குத் திரும்பின. நெதர்லாந்தின் பகல்நேர எல்லை 2020 மார்ச்சில் வந்தது. ஸ்பெயினில் திசைக்கு ஒரு தடம் மட்டும் உள்ள நகர வீதிகளுக்கு 2021 மே முதல் 30 கிலோமீற்றர். வேல்ஸில் குடியிருப்புப் பகுதி வீதிகளின் பொது எல்லை 2023 செப்டம்பரில் 30 மைலிலிருந்து 20 மைலாகியது. 2017க்குப் பின் புதுப்பிக்கப்படாத வரைபடத்துடன் ஓட்டுபவருக்கு இந்த நான்கு நாடுகளிலுமே தவறான எண் காட்டப்படும். மழை பெய்கிறதா என்பதும், வீதிப் பணிகளுக்காக நேற்று வைக்கப்பட்ட தற்காலிகப் பலகையும் எந்தச் சேமித்த வரைபடத்துக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் பலகையே சட்டம். கருவி காட்டும் எண் ஒரு நினைவூட்டல் மட்டுமே.

வேகக் கமரா எச்சரிக்கையை எல்லா நாடுகளிலும் பயன்படுத்தலாமா?

கூடாது. பிரித்தானியாவில் கமராக்களின் இருப்பிடத்தைக் காட்டும் தரவு அனுமதிக்கப்பட்டது. கலேயில் இறங்கியதும் நிலைமை மாறிவிடும்: பிரான்ஸ் 2012ஆம் ஆண்டு முதல் கமராவின் சரியான இடத்தைக் காட்டும் கருவிகளைத் தடைசெய்துள்ளது, தண்டப்பணம் 1500 யூரோ வரை செல்லும். அதனால் அந்நாட்டுக்கான கருவிகள் கமராவைப் புள்ளியாகக் காட்டாமல், ஆபத்து வலயம் என்று வீதியின் ஒரு நீளமான பகுதியை மட்டும் காட்டுகின்றன. ஜேர்மனியில் சாரதி ஓட்டும்போது இத்தகைய எச்சரிக்கையைப் பயன்படுத்துவது குற்றம்; 75 யூரோவும் ஒரு தண்டப் புள்ளியும் விதிக்கப்படும். தொலைபேசிச் செயலிகளும் இதில் அடங்கும் என்பதை 2020இல் செய்யப்பட்ட திருத்தம் தெளிவாக்கியது. பக்கத்து இருக்கையில் இருப்பவரின் தொலைபேசியில் செயலி இயங்கினாலும், அதன் எச்சரிக்கையைச் சாரதி பயன்படுத்திக்கொண்டால் அவரே பொறுப்பு என்று கார்ல்ஸ்ரூஹ மேல்நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. சுவிற்சர்லாந்து இன்னும் கடுமையானது: கமரா இருப்பிடத் தரவு உள்ள கருவியை வைத்திருப்பதே அங்கு தடைசெய்யப்பட்டது, பொலிசார் அதைப் பறிமுதல் செய்யலாம்.

எனவே வாங்கும் கருவியில் கமரா எச்சரிக்கையை முழுமையாக நிறுத்தவும், தரவையே அழிக்கவும் வழி இருக்க வேண்டும். எல்லை கடந்ததும் தானாக அணைந்துவிடும் என்று விற்பனையாளர் சொன்னால், அதைக் கையேட்டில் காட்டச் சொல்லுங்கள்.

சுங்கக் கட்டணம், விக்னெற், சுற்றுச்சூழல் வலயம் ஆகியவற்றைக் கருவி கவனித்துக்கொள்ளுமா?

ஓரளவுக்கு மட்டுமே. கட்டண வீதியைத் தவிர்க்கவும் என்ற அமைப்பு எல்லாக் கருவிகளிலும் உண்டு. பிரான்சின் கட்டண நெடுஞ்சாலைகளுக்கு அது நன்றாகவே உதவும். சிக்கல் எழுவது விக்னெற் நாடுகளில், அதாவது நெடுஞ்சாலைகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்த முன்கூட்டியே கட்டணம் வாங்கும் நாடுகளில். சுவிற்சர்லாந்தில் நெடுஞ்சாலைகளைப் பயன்படுத்த ஆண்டுக்கு 40 பிராங்கு செலுத்த வேண்டும். 2023 ஓகஸ்ட் முதல் இதை இணையத்திலேயே மின்னணு முறையில் வாங்கலாம். வாங்காமல் ஓட்டிப் பிடிபட்டால் 200 பிராங்கு தண்டம். ஒஸ்ரியா, செக் குடியரசு, சுலோவேனியா, ஹங்கேரி, சுலோவாக்கியா போன்ற நாடுகளிலும் இத்தகைய காலக் கட்டணம் உண்டு. சில கருவிகள் விக்னெற் வீதியையும் சாவடியில் கட்டணம் வாங்கும் வீதியையும் ஒன்றாகவே கருதுகின்றன. பிரான்சில் கட்டணத்தைத் தவிர்ப்பதற்காக அந்த அமைப்பை இயக்கிவிட்டு, சுவிஸுக்குள் நுழைந்த பின் அணைக்க மறந்தால், 40 பிராங்கு செலுத்தியும் ஊர் வீதிகளிலேயே சுற்ற நேரும். விக்னெற்றுக்குத் தனி அமைப்பு உள்ள கருவியாகப் பார்த்து வாங்குவது நல்லது. ஒஸ்ரியாவின் பிரென்னர் நெடுஞ்சாலைக்கும், சுவிஸ்–இத்தாலி எல்லையிலுள்ள பெரிய சென் பெர்னார்ட் சுரங்கத்துக்கும் விக்னெற் போதாது, தனிக் கட்டணம் உண்டு. கொத்தார்ட் சுரங்கத்துக்கு விக்னெற்றே போதும்.

சாவடியே இல்லாத கட்டண வீதிகள் பெருகி வருவதை இங்கு குறிப்பிட வேண்டும். வட இலண்டனிலிருந்து டோவர் துறைமுகம் நோக்கி எம்25 நெடுஞ்சாலை வழியாகச் செல்பவர் டார்ட்ஃபர்ட் ஆற்றுக் கடவையைக் கடக்கிறார்; அங்கே நிறுத்திப் பணம் வாங்க எவரும் இல்லை, மறுநாள் நள்ளிரவுக்குள் தாமாகவே செலுத்த வேண்டும். பாரிஸையும் நோர்மண்டியையும் இணைக்கும் ஏ13 நெடுஞ்சாலையிலும் 2024இல் சாவடிகள் அகற்றப்பட்டுவிட்டன. 72 மணி நேரத்துக்குள் செலுத்தாவிட்டால் தண்டம் சேரும். இங்கே கட்டணம் உண்டு என்று கருவி வரைபடத்தில் காட்டக்கூடும், செலுத்தினீர்களா என்று அது கேட்காது. பயணப் பாதையைக் கருவியில் ஒருமுறை முழுமையாக ஓடவிட்டு, கட்டண இடங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்வதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரிந்து இல்லை.

புகை கூடுதலாக வெளியிடும் வாகனங்களைக் கட்டுப்படுத்தும் நகரச் சுற்றுச்சூழல் வலயங்களும் அவ்வாறே. அன்ட்வேர்ப், பிரசெல்ஸ் நகரங்களுக்குள் நுழையும் பிரித்தானியப் பதிவுடைய கார், புகை அளவு விதிகளை நிறைவு செய்வதாயினும், முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்யப்பட வேண்டும்; சுற்றுவட்ட நெடுஞ்சாலையில் மட்டும் செல்பவருக்கு இது தேவையில்லை. ஆனால் நெரிசலைக் கண்ட கருவி ‘விரைவான பாதை’ என்று உங்களை நகரத்துக்குள் திருப்பிவிட்டால் நிலைமை வேறாகிவிடும். ஜேர்மனியில் டுயிஸ்பூர்க் முதல் டோர்ட்முண்ட் வரை விரியும் றூர் வலயத்தில் நெடுஞ்சாலைகளுக்கு விலக்கு உண்டு, இறங்கி ஊருக்குள் சென்றால் புகை குறைந்த வாகனம் என்பதைக் காட்டும் பச்சை ஒட்டி வேண்டும். இத்தாலியின் புளோரன்ஸ் போன்ற நகரங்களின் பழைய மையப் பகுதிகளில் வெளியாரின் வாகனங்களுக்குத் தடை நேரங்கள் உண்டு. கமரா படம்பிடித்து, தண்டக் கடிதம் பல மாதங்களுக்குப் பின் வெளிநாட்டு முகவரிக்கே வந்து சேரும். அத்தகைய நகரங்களில் தங்குமிடம் எந்த வலயத்தில் இருக்கிறது என்பதை விடுதியாரிடமே கேட்டு அறியுங்கள்.

முகவரியை எப்படிப் பதிவது?

ஒவ்வொரு நாட்டிலும் வேறு வழி. பிரித்தானியத் தபால் குறியீடு சராசரியாகப் பதினைந்து முகவரிகளை மட்டுமே குறிப்பதால், அதைப் பதிந்தால் வீட்டருகே சென்றுவிடலாம். நெதர்லாந்தில் குறியீடும் வீட்டு எண்ணும் சேர்ந்தால் போதும். அயர்லாந்தில் 2015இல் வந்த எயர்கோட் என்ற தபால் குறியீடு ஒவ்வொரு முகவரிக்கும் தனி எண் தருகிறது. பிரான்சிலோ ஒரே ஐந்திலக்க எண் பல கிராமங்களுக்குப் பொதுவாக இருக்கும். அங்கே ஊரின் பெயரையும் தெருவின் பெயரையும் முழுமையாகப் பதிய வேண்டும். ஹம் என்று மட்டும் பதிந்தால் ஹம்பேர்க் நகரின் ஒரு பகுதியையும், லக்சம்பேர்க் நகரின் ஒரு பகுதியையும் கருவி முன்வைக்கலாம், ஏனெனில் அவற்றுக்கும் அதே பெயர். உறவினர் வீட்டுக்குச் செல்வதானால், அவர்கள் வாசலில் நின்று அனுப்பும் இருப்பிடக் குறியையோ அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையோ பதிவது எந்தக் குழப்பமும் இல்லாத வழி. எண்களை ஏற்காத கருவி பல நாட்டுப் பயணத்துக்கு ஏற்றதன்று.

கருவி சொல்லும் ஊர்ப்பெயர் வீதிப் பலகையில் இல்லாதபோது என்ன செய்வது?

பெல்ஜியத்தில் இது தவறாமல் நேரும். பிளாமிய மொழிப் பகுதியில் லீல் நகருக்கான பலகையில் றைசல் என்றும், லியேஜ் நகருக்கு லெய்க் என்றும் எழுதியிருக்கும். கருவியின் பேச்சு மொழி எதுவானாலும், ஊர்ப்பெயர்களை அந்தந்த நாட்டு மொழியில் காட்டும்படி அமைக்க முடிந்தால் அமைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் பெயரை விட்டுவிட்டு வீதி எண்ணையும் வெளியேறும் வாயிலின் எண்ணையும் பின்பற்றுங்கள். ஈ40 எந்த மொழியிலும் ஈ40தான்.

சுரங்கப்பாதைகளில் கருவி நின்றுவிடுமா?

செயற்கைக்கோள் சமிக்ஞை உள்ளே வராது. கடைசியாகக் கண்ட வேகத்தை வைத்துக் கருவி இடத்தை ஊகித்துக்கொண்டே செல்லும். கொத்தார்ட் சுரங்கம் ஏறத்தாழ 17 கிலோமீற்றர் நீளமானாலும் உள்ளே பிரிவுகள் இல்லாததால் பாதிப்பில்லை. நகரச் சுரங்கங்களில்தான் வழி தவறும். நுழையும் முன்பே அடுத்த திருப்பத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். காரிலேயே உள்ளமைந்த வழிகாட்டிகள் சக்கரத்தின் சுழற்சியையும் அளப்பதால் இதில் மேம்பட்டவை.

நெரிசல் தகவல் எல்லா நாடுகளிலும் கிடைக்குமா?

கருவி அதை எவ்வழியாகப் பெறுகிறது என்பதைப் பொறுத்தது. பண்பலை வானொலி வழியாகப் பெறும் கருவிக்கு இணையம் தேவையில்லை, ஆனால் தகவல் பெரிய நெடுஞ்சாலைகளோடு நின்றுவிடும். சில கார்மின் மாதிரிகளில் இந்த வானொலி வாங்கி மின்னேற்றக் கம்பிக்குள்ளேயே பொருத்தப்பட்டிருப்பதால், வேறு கம்பியைச் செருகினால் நெரிசல் தகவல் நின்றுவிடும். தொலைபேசி வழியாக இணையத்தில் பெறுபவை விரிவான தகவல் தரும். தேர்த்திருவிழா, கோடை விடுமுறைத் தொடக்கம் போன்ற நாள்களில் ஓட்டுபவர்களுக்கு இந்த இரண்டாவது வகையே பயன்படும்.

கூரைப்பெட்டி வைத்த வான், அல்லது இழுவண்டியுடன் செல்வோருக்கு வேறு கருவி வேண்டுமா?

வேண்டும் என்பதே என் கருத்து. சாதாரணக் கருவி உங்களைச் சிறிய காராகவே எண்ணிப் பாதை வகுக்கும். பாரிஸின் மேற்கே ஏ86 வீதியிலுள்ள டூப்ளெக்ஸ் சுரங்கத்தில் இரண்டு மீற்றருக்கு மேற்பட்ட உயரமுள்ள வாகனம் நுழையவே முடியாது. ஒன்பது இருக்கை வான்கள் பலவும், கூரைப்பெட்டி ஏற்றிய குடும்பக் கார்கள் சிலவும் இந்த அளவைத் தாண்டிவிடும். முகாம் வண்டிகளுக்கென விற்கப்படும் கருவிகளில் உயரம், அகலம், எடை ஆகியவற்றைப் பதியலாம். விலை கூடுதல்தான், ஆனால் பின்னால் வாகனங்கள் வரிசைகட்டி நிற்கும்போது சுரங்க வாயிலில் திரும்ப நேர்வது அதைவிடக் கடினம்.

பயன்படுத்திய பழைய கருவியை வாங்கலாமா?

மாதிரி எண்ணைச் சரிபார்த்த பின்னரே. ஜிபிஎஸ் அமைப்பு வாரங்களை 1024 வரை மட்டுமே எண்ணி மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். கடைசியாக அவ்வாறு நிகழ்ந்தது 2019 ஏப்ரல் 6. அதற்கான மென்பொருள் திருத்தத்தைப் பெறாத பழைய கருவிகள் சில தவறான திகதியைக் காட்டுகின்றன, நேரத்தைக் கொண்டு கணிக்கும் வேலைகளில் தடுமாறுகின்றன. விற்பவர் முன்னிலையிலேயே கருவியைத் திறந்தவெளியில் இயக்கித் திகதி சரியா என்று பாருங்கள். பிறகு வரைபடத்தின் ஆண்டையும், முந்தைய உரிமையாளரின் கணக்கிலிருந்து அது நீக்கப்பட்டுவிட்டதா என்பதையும் கேளுங்கள். நீக்கப்படாத கருவியை உங்கள் பெயரில் பதிந்து புதுப்பிப்புப் பெறுவதில் தடை ஏற்படலாம்.